நோயாளியின் உடல் ஓர் அமானிதம்: மருத்துவ ஆய்வும் மருந்தில் நீதியும்

நோயையும் அதற்கான நிவாரணத்தையும் படைத்த அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும். ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



இன்றைய ஜும்ஆவில் நாம் பேச இருக்கும் விஷயம் மிம்பரில் அதிகம் பேசப்படாத ஒன்று. நம்மில் ஒருவர் நோயுற்று ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். "புதிய மருந்து ஒன்று வந்திருக்கிறது, ஆய்வு நடக்கிறது, இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள்" என்று ஒரு படிவம் நீட்டப்படுகிறது. போடலாமா, கூடாதா? மார்க்கம் என்ன சொல்கிறது? அந்த மருந்து நாளை வெற்றி பெற்றால், இன்று தன் உடலைக் கொடுத்த ஏழைக்கு அதை வாங்க முடியுமா? முடியாவிட்டால் அதற்கு யார் பொறுப்பு?

இந்தக் கேள்விகளை இன்று வரிசையாகப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.

ஆய்வு செய்வது மார்க்கத்துக்கு எதிரானதா?

இல்லை. அல்லாஹ் எந்த நோயையும் அதற்குரிய நிவாரணியை இறக்காமல் இறக்கவில்லை என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள் (புகாரி 5678). நிவாரணம் இருக்கிறது என்றால் அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். தேடுவதற்குப் பெயர்தான் ஆய்வு.

நம் முன்னோர்கள் இதைச் செய்து காட்டியவர்கள். கி.பி. 10ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை வாழ்ந்த மருத்துவ மேதை அபூபக்ர் அர்ராஸீ, மூளைக்காய்ச்சலின் அறிகுறிகள் தோன்றியவர்களில் ஒரு சாராருக்கு இரத்தம் வெளியேற்றும் சிகிச்சை அளித்தார். இன்னொரு சாராருக்கு வேண்டுமென்றே அதைச் செய்யாமல் விட்டு, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்ததாகப் பதிவு செய்திருக்கிறார். இன்று உலகம் முழுவதும் புதிய மருந்துகளைச் சோதிக்கும் முறையின் அடிப்படையும் இந்த ஒப்பீடுதான். அதே ராஸீ, மருத்துவரை அணுக வசதியில்லாத ஏழைகளுக்காகவே எளிய மருந்துகளைத் தொகுத்துத் தனி நூலும் எழுதினார். அறிவைத் தேடுவதும் அதை ஏழைக்குக் கொண்டு சேர்ப்பதும் ஒரே மனிதரின் வேலையாக இருந்தது.

ஆக, ஆய்வு கூடும். எந்த ஒழுக்கத்தோடு செய்கிறோம் என்பதே கேள்வி.

நோயாளியிடம் கேட்க வேண்டும்

சகோதரர்களே! இரண்டு ஹதீஸ்களை இங்கே நினைவுபடுத்த வேண்டும்.

முதலாவது, வலிப்பு நோய் கண்ட ஒரு கறுப்பினப் பெண்மணியின் செய்தி. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அந்தப் பெண்மணி நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தனக்கு வலிப்பு வருகிறது, அப்போது ஆடை விலகிவிடுகிறது, தனக்காக துஆச் செய்ய வேண்டும் என்று முறையிட்டார். நபியவர்கள் அவர் முன் இரண்டு வழிகளை வைத்தார்கள். பொறுமையாக இருந்தால் சொர்க்கம் உண்டு. விரும்பினால் குணமடைய துஆச் செய்கிறேன். அவர் பொறுமையைத் தேர்ந்தெடுத்தார். ஆனால் தன் ஆடை மட்டும் விலகாதிருக்க துஆச் செய்யுமாறு கேட்டார். நபியவர்களும் அவ்வாறே துஆச் செய்தார்கள் (புகாரி 5652).

கவனியுங்கள். அல்லாஹ்வின் தூதரே ஒரு நோயாளியின் விஷயத்தில் தாமாக முடிவெடுக்கவில்லை. இரண்டு வழிகளையும் விளக்கி, தேர்வை அவரிடமே விட்டார்கள். அவர் கேட்ட கண்ணியத்தையும் காத்தார்கள்.

இரண்டாவது, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி. நபி (ஸல்) அவர்கள் கடைசியாக நோயுற்றிருந்த நேரத்தில், வீட்டிலிருந்தவர்கள் அவர்களின் வாயின் ஒரு பக்கத்தில் மருந்தை ஊற்றினார்கள். வேண்டாம் என்று நபியவர்கள் சைகை செய்தார்கள். நோயாளிக்கு மருந்து பிடிக்காதது இயல்புதானே என்று எண்ணி, வீட்டார் ஊற்றிவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும், நான் தடுக்கவில்லையா என்று நபியவர்கள் கண்டித்தார்கள். அந்த நேரத்தில் அங்கே இல்லாத அப்பாஸ் (ரலி) அவர்களைத் தவிர, வீட்டில் இருந்த எல்லோருக்கும் அதே மருந்தை ஊற்றச் சொன்னார்கள் (புகாரி 4458).

மருந்து ஊற்றியவர்கள் பகைவர்கள் அல்லர். நபியவர்கள் மீது உயிரையே வைத்திருந்தவர்கள். அவர்களின் நோக்கத்தில் குறையில்லை. ஆனாலும் நோயாளி மறுத்த பிறகு மருந்து கொடுத்ததை நபியவர்கள் சாதாரணமாக விடவில்லை. இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் இந்த ஹதீஸை மருத்துவம் பற்றிய பாடத்தில் மட்டுமின்றி, காயங்களுக்கான இழப்பீடு பற்றிய பாடத்திலும் கொண்டுவந்திருக்கிறார்கள். "நல்லதுக்குத்தானே செய்தோம்" என்ற பதில் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான படிப்பினை வேண்டுமா?

ஃபுகஹாக்களும் இதை உணர்ந்திருந்தார்கள். மருத்துவம் தெரியாமல் மருத்துவம் பார்ப்பவர் ஏற்படும் பாதிப்புக்குப் பொறுப்பாளி என்பது அபூதாவூதில் வரும் நபிமொழியின் கருத்து. திறமையான மருத்துவரே ஆனாலும், நோயாளியின் அனுமதியில்லாமலோ, சிறு பிள்ளையாக இருந்தால் அதன் வலீயின் அனுமதியில்லாமலோ கத்தி வைத்து, அதனால் தீங்கு ஏற்பட்டால் அவரும் பொறுப்பாளிதான் என்று இமாம் இப்னு குதாமா (ரஹ்) அவர்கள் தம் அல்முக்னீ நூலில் விளக்குகிறார்கள்.

கானோ நகரத்தின் பாடம்

இந்த ஒழுக்கம் மீறப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நம் காலத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது.

நைஜீரியாவின் வடக்கே கானோ என்ற பெரிய நகரம். வெள்ளிக்கிழமைகளில் மஸ்ஜித்கள் நிரம்பி வழியும் முஸ்லிம் நகரம். 1996ஆம் ஆண்டு அங்கே மூளைக்காய்ச்சல் கொள்ளைநோயாகப் பரவி, அந்த நாட்டில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். கானோவின் தொற்றுநோய் ஆஸ்பத்திரியில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு இலவசமாகச் சிகிச்சை அளித்துக்கொண்டிருந்தது. அதே ஆஸ்பத்திரிக்கு ஃபைசர் நிறுவனத்தின் குழுவும் வந்தது. ட்ரோவன் என்ற, அப்போது இன்னும் அங்கீகாரம் பெறாத மருந்தை 100 பிள்ளைகளுக்கும், ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த செஃப்ட்ரியாக்ஸோன் மருந்தை 100 பிள்ளைகளுக்கும் கொடுத்து ஒப்பிட்டது. ட்ரோவன் பெற்றவர்களில் 5 பிள்ளைகளும், மற்றதைப் பெற்றவர்களில் 6 பிள்ளைகளும் இறந்தார்கள். வேறு பல பிள்ளைகளுக்குக் காது கேளாமை, பார்வையிழப்பு, முடக்கம் போன்ற பாதிப்புகள் நின்றுவிட்டன.

2000ஆம் ஆண்டு டிசம்பரில் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை இதை வெளிக்கொண்டுவந்தது. கொடுக்கப்படுவது சோதனையில் இருக்கும் மருந்து என்று தங்களிடம் சொல்லவில்லை, அதே வளாகத்தில் வேறு சிகிச்சை இலவசமாகக் கிடைப்பதையும் சொல்லவில்லை என்று பெற்றோர்கள் வழக்குத் தொடுத்தார்கள். நெறிமுறைக் குழு ஒப்புதல் அளித்ததாகக் காட்டப்பட்ட கடிதம் பிறகு தயாரிக்கப்பட்டு முன்தேதியிடப்பட்டது என்பதும் வெளிச்சத்துக்கு வந்தது. வாய்மொழியாகச் சம்மதம் பெற்றோம், இறப்புக்கும் பாதிப்புக்கும் காரணம் நோய்தான், மருந்தல்ல என்று நிறுவனம் வாதாடியது. கடைசியில் 2009ஆம் ஆண்டு, கானோ மாநிலத்துடன் 7.5 கோடி டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது.

நீதியோடு பேச வேண்டும், சகோதரர்களே. இறப்பு எண்ணிக்கையில் இரண்டு மருந்துகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. மருந்து கொன்றதா, நோய் கொன்றதா என்பதில் வாதம் இருக்கலாம். ஆனால் அந்தத் தாயிடமும் தகப்பனிடமும் அவர்களுக்குப் புரியும் ஹவுஸா மொழியில் எல்லாவற்றையும் விளக்கி, "உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டிருக்க வேண்டும் என்பதில் வாதத்துக்கு இடமில்லை. அந்தக் கேள்வி பிள்ளை பிழைத்தாலும் கடமை, பிழைக்காவிட்டாலும் கடமை.

கோபம் யாரைத் தண்டித்தது?

இதோடு கதை முடியவில்லை. இரண்டாவது பாதி நமக்கான பாடம்.

2003ஆம் ஆண்டு வடக்கு நைஜீரியாவில் போலியோ சொட்டு மருந்து பற்றி ஒரு வதந்தி கிளம்பியது. முஸ்லிம்களின் சந்ததியைக் குறைக்க மலட்டுத்தன்மை உண்டாக்கும் பொருள் அதில் கலந்திருக்கிறது என்றார்கள். ட்ரோவன் விவகாரத்தில் மனம் வெந்திருந்த மக்கள் எளிதில் நம்பினார்கள். மார்க்கத் தலைவர்கள் சிலரும் அதற்குக் குரல் கொடுத்தார்கள். கானோ மாநிலம் சொட்டு மருந்தை நிறுத்தியது. ஏறக்குறைய ஓராண்டு கழித்து, முஸ்லிம் நாடான இந்தோனேசியாவில் தயாரான சொட்டு மருந்தை வரவழைத்து, 2004 ஜூலையில்தான் மீண்டும் தொடங்கியது.

அதற்குள் வைரஸ் எல்லை தாண்டிவிட்டது. நைஜீரியாவிலிருந்து கிளம்பிய அந்த வைரஸ் சூடான், யமன் வழியே பரவி, 2005இல் இந்தோனேசியா வரை சென்று பிள்ளைகளை முடமாக்கியது. எந்த நாட்டிலிருந்து நம்பிக்கையான மருந்து வந்ததோ அந்த நாட்டுக்கே நோய் போய்ச் சேர்ந்தது. ஆப்பிரிக்கக் கண்டம் இயற்கையான (வைல்ட்) போலியோ வைரஸிலிருந்து விடுபட்டதாக அறிவிக்க 2020 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஒரு நிறுவனம் செய்த தவறுக்காக யார் தண்டனை அனுபவித்தார்கள்? அந்த நிறுவனமா? இல்லை. கால் ஊன்ற முடியாமல் போன நம் பிள்ளைகள்!

ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்று 5:8 வசனத்தில் அல்லாஹ் எச்சரிக்கிறான். செய்தி வந்தால் தீர விசாரிக்க வேண்டும், அறியாமையால் ஒரு சமுதாயத்துக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பிறகு வருந்தக் கூடாது என்று 49:6 வசனத்தில் கட்டளையிடுகிறான். இன்று வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு வருகிறது. மருத்துவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று எதுவும் இல்லை. அதை உறவினர் குழு அத்தனைக்கும் அனுப்பும் முன், இந்த வசனத்தை நாம் நினைத்துப் பார்க்கிறோமா?

நம்பிக்கையை உடைத்தவர் குற்றவாளி. உடைந்த நம்பிக்கையை வைத்து வதந்தி பரப்பியவரும் அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டியவரே.

மதராஸில் நடந்த நல்ல ஆய்வு

ஆய்வு என்றாலே ஏழையை ஏமாற்றுவது என்று எண்ணிவிடக் கூடாது. அதற்கு மறுப்பு நம் தலைநகரிலேயே இருக்கிறது.

1956ஆம் ஆண்டு மதராஸில் காசநோய் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் தொடர்ச்சிதான். அந்தக் காலத்தில் காசநோய் வந்தால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் தங்க வேண்டும், ஓய்வும் சத்துணவும் வேண்டும் என்பதே மருத்துவ உலகின் எண்ணம். ஆனால் நோயாளிகளோ லட்சக்கணக்கில். படுக்கைகளோ மிகச் சில. நெரிசலான வீட்டில், அரைவயிற்று உணவோடு வாழும் ஏழை என்ன செய்வார்?

இருநூறுக்குச் சற்றுக் குறைவான நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியினர் சானடோரியத்தில், மறு பாதியினர் தங்கள் வீட்டில். இருவருக்கும் ஒரே மருந்துகள், ஒரே ஓராண்டு காலம். 1959இல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்த ஏழையும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தார். அவரோடு வசித்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை. பல நாடுகளில் சானடோரியங்கள் மூடப்பட்டு, வீட்டிலிருந்தே காசநோய்க்கு மருந்து சாப்பிடும் முறை பரவியதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம்.

இதில் என்ன வேறுபாடு? யாருக்கும் மருந்து மறுக்கப்படவில்லை. கேட்கப்பட்ட கேள்வி ஏழையின் கேள்வி. கிடைத்த பதில் முதலில் பயன்பட்டதும் அந்த ஏழைக்கே. சோதனையின் சுமையைச் சுமந்தவருக்கு அதன் பலனிலும் பங்கு இருக்க வேண்டும் என்பதுதான் நீதி. 1964இல் உலக மருத்துவர் சங்கம் ஹெல்சின்கியில் வெளியிட்ட பிரகடனமும், அதன் பிந்தைய திருத்தங்களில் இதையே வலியுறுத்துகிறது.

மருந்து கிடைப்பதில் நீதி

கண்ணியமானவர்களே! ஆய்வு முடிந்து மருந்து வந்துவிட்டது. இப்போது விலை.

2000ஆம் ஆண்டு வாக்கில் எய்ட்ஸ் நோயாளி ஒருவருக்கு ஓராண்டு மருந்துக்கு 10,000 டாலருக்கும் மேல் செலவானது. ஆப்பிரிக்காவில் அந்த விலையைக் கொடுக்க யாரால் முடியும்? மருந்து இருந்தும் மக்கள் மாண்டார்கள். 2001 பிப்ரவரியில் இந்தியாவின் சிப்லா நிறுவனம் அதே கூட்டு மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. அதே ஆண்டு நவம்பரில் தோஹாவில் கூடிய உலக வர்த்தக அமைப்பின் நாடுகள், காப்புரிமைச் சட்டம் மக்களின் ஆரோக்கியத்தைக் காக்கத் தடையாக நிற்கக் கூடாது என்று அறிவித்தன. நம் நாட்டில் 2004 ஏப்ரல் முதல் அரசே இந்த மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது.

இரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்தின் வழக்கும் இப்படித்தான். நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் மருந்துக்கு மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல். இங்கே தயாரான அதே வகை மருந்துக்கு அதில் பத்தில் ஒரு பங்கு அளவே. நம் நோயாளிகள் பலருக்கு இலவசமாகவே கொடுக்கிறோம் என்று நிறுவனம் சொன்னது. ஆனாலும் பழைய பொருளின் புதிய வடிவத்துக்குக் காப்புரிமை கிடையாது என்று 2006இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

அப்படியானால் கண்டுபிடித்தவருக்குக் கூலி வேண்டாமா? கட்டாயம் வேண்டும். உழைப்பவரின் கூலியை வியர்வை உலருமுன் கொடுக்கச் சொன்ன மார்க்கம் இது. பல ஆண்டுகள் உழைத்து, பணம் போட்டு மருந்து கண்டவருக்கு லாபம் ஹலால். ஆனால் வழிப்போக்கன் தாகத்தால் தவிக்கும்போது தன் தேவைக்கு மிஞ்சிய நீரைத் தடுத்து வைத்தவனை மறுமையில் அல்லாஹ் பார்க்க மாட்டான் என்றும் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள் (புகாரி 2358). மக்கள் தேவையோடு இருக்க, விலையேற்றத்துக்காகப் பதுக்குபவன் பாவி என்றும் சொன்னார்கள் (முஸ்லிம் 1605).

இரண்டு உரிமைகளையும் எப்படிச் சேர்ப்பது? அதற்கு மதீனாவின் ரூமா கிணறு வழி காட்டுகிறது. அந்தக் கிணற்றின் நீரை விலை கொடுத்தே குடிக்க வேண்டியிருந்தது. நபியவர்கள் அதைப் பறிக்கச் சொல்லவில்லை. அதை வாங்கி முஸ்லிம்களுக்குப் பொதுவாக்குபவருக்குச் சொர்க்கம் உண்டு என்றார்கள். உஸ்மான் (ரலி) அவர்கள் தம் சொந்தப் பணத்தில் வாங்கி வக்ஃபு செய்தார்கள். உரிமையாளருக்கு விலை கிடைத்தது. ஏழைக்குத் தண்ணீர் கிடைத்தது.

இந்த வழியில்தான் நம் முன்னோர்கள் வக்ஃபு மருத்துவமனைகள் கட்டினார்கள். திமிஷ்கில் 1154இல் நூருத்தீன் ஸங்கீ கட்டிய மருத்துவமனையும், கெய்ரோவில் 1284இல் சுல்தான் கலாவூன் எழுப்பியதும் அப்படிப்பட்டவை. கெய்ரோவில் செல்வந்தர், ஏழை, ஆண், பெண் எல்லோருக்கும் வக்ஃபு வருமானத்திலிருந்து சிகிச்சை.

நாம் செய்ய வேண்டியவை

ஒன்று: ஆய்வில் சேரச் சொல்லி ஆஸ்பத்திரியில் படிவம் கொடுத்தால், பயந்து ஓட வேண்டாம், படிக்காமல் கையெழுத்தும் போட வேண்டாம். தமிழில் படிவம் கேளுங்கள். இவற்றைக் கேளுங்கள்: இது வழக்கமான சிகிச்சையா, ஆய்வா? எனக்கு வேறு என்ன சிகிச்சை இருக்கிறது? வெறும் மாத்திரை கிடைக்கும் வாய்ப்பு உண்டா? பாதிப்பு வந்தால் செலவையும் இழப்பீட்டையும் யார் தருவார்? ஆய்வு முடிந்த பின் மருந்து தொடர்ந்து கிடைக்குமா? இடையில் விலகினால் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படுமா? பாதிக்கப்படக் கூடாது என்பதே விதி. இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருந்துப் பரிசோதனை விதிகளின்படி, ஆய்வினால் பாதிப்பு ஏற்பட்டால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உங்கள் உரிமை. படிவத்தின் நகல் ஒன்றையும் கேட்டு வாங்கி வையுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி உடனிருக்க வேண்டும். மஹல்லாவின் படித்த பிள்ளைகள் அந்த நேரத்தில் கூடப் போய் நின்றால், அது நோயாளியை நலம் விசாரித்த நன்மையோடு அநீதியைத் தடுத்த நன்மையுமாகும்.

இரண்டு: நம்மில் மருத்துவர்கள், செவிலியர்கள், மருந்தாளுநர்கள் இருக்கிறார்கள். உங்களிடம் வருபவர் படிக்காதவராக இருக்கலாம். "நீங்க சொன்னா சரிதான் டாக்டர்" என்பார். அந்த நம்பிக்கை உங்கள் கையில் கொடுக்கப்பட்ட அமானிதம். அவசரத்தில் பெற்ற கையெழுத்தைச் சம்மதம் என்று அல்லாஹ்விடம் காட்ட முடியாது.

மூன்று: ஜமாஅத் நிர்வாகிகளே! கபுருஸ்தானுக்குச் சுவர் எழுப்புகிறோம், மினாராவுக்கு விளக்கு போடுகிறோம். மாதந்தோறும் மருந்து வாங்க முடியாமல் பாதியில் நிறுத்துபவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். யார் யார் என்று கணக்கெடுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இல்லாதவர்களுக்கு விண்ணப்பிக்க உதவுங்கள். விலை குறைந்த ஜெனரிக் மருந்துகள் கிடைக்கும் இடத்தைச் சொல்லிக் கொடுங்கள். பைத்துல்மாலில் மருந்துக்கென்று ஒரு பங்கை ஒதுக்குங்கள். ஜகாத் பெறத் தகுதியானவருக்கு அதிலிருந்தும், மற்றவர்களுக்கு சதகாவிலிருந்தும் கொடுக்கலாம்.

ஓர் உயிரை வாழ வைத்தவர் மனிதகுலம் முழுவதையும் வாழ வைத்தவரைப் போன்றவர் என்ற கருத்தை 5:32 வசனம் நமக்குத் தருகிறது. ஆய்வகத்தில் மருந்து தேடுபவர், புரிந்துகொண்டு மனமுவந்து தன் உடலை அந்த ஆய்வுக்குக் கொடுப்பவர், அந்த மருந்தை ஏழையின் கைக்குக் கொண்டு சேர்ப்பவர் ஆகிய மூவரும் இந்த நன்மையில் பங்காளிகள். அவர்களில் ஒருவராகவாவது நாம் இருக்க வேண்டும்.

யா அல்லாஹ்! எங்கள் நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவைத் தருவாயாக! மருத்துவர்களின் கரங்களில் பரக்கத்தையும் உள்ளங்களில் உன் அச்சத்தையும் தருவாயாக! பலவீனர்களை ஏமாற்றுவோரின் தீங்கிலிருந்தும், வதந்திகளின் தீங்கிலிருந்தும் எங்கள் பிள்ளைகளைக் காப்பாயாக! மருந்து வாங்க வழியில்லாதோருக்கு எங்கள் கைகளால் வழி திறப்பாயாக!

ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.